சதவீதம் குறைந்தது, வரி ஏன் கூடியது?



போன வாரம் மனை விற்றால் கட்ட வேண்டிய மூலதன ஆதாய வரியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு தம்பி வந்து, "சார், 20 சதவீதமாக இருந்ததை 12.5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். குறைத்தாலும் குறை சொன்னால் எப்படி?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கமெண்டுக்கு என் பதிவைவிட அதிக லைக். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் கொஞ்சம் நீளம். 33 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்கைப் போட்டுக் காட்டாமல் விடமாட்டேன்.

எட்டாம் வகுப்பில் சதவீதம் ஆரம்பிக்கும் நாளில், "10 சதவீதம் பெரிதா, 20 சதவீதம் பெரிதா?" என்று கேட்பேன். மொத்த வகுப்பும் "20" என்று கத்தும். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பையன் மட்டும், "எதுல சார்?" என்பான். அவன்தான் பாடத்தைப் புரிந்துகொண்டவன். பட்ஜெட் உரை கேட்கிற நாம் எல்லோரும் முன் பெஞ்சுப் பிள்ளைகளாகவே இருந்துவிடுகிறோம். வீதம் குறைந்தது என்றதும் கைதட்டிவிடுகிறோம்.

2024 ஜூலை 23 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் நடந்தது இதுதான். அதுவரை நிலமோ வீடோ இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளலாம். இன்டெக்சேஷன் என்பார்கள். அதற்கென்று வருமான வரித்துறை வருடா வருடம் ஒரு குறியீட்டு எண் வெளியிடும். 2010-11க்கு 167. 2024-25க்கு 363. உயர்த்திய விலையைக் கழித்த பிறகு மிஞ்சுகிற நிஜ லாபத்துக்கு 20 சதவீதம் வரி. புதிய முறையில் வீதம் 12.5. ஆனால் இன்டெக்சேஷன் கிடையாது.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2010-11ல் ஒரு சிற்றூரில் 10 லட்சத்துக்கு மனை வாங்கினார். 2024-25ல் 22 லட்சத்துக்கு விற்கிறார். பழைய முறையில் அவர் வாங்கிய விலை 10 லட்சத்தை 363ஆல் பெருக்கி 167ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 21 லட்சத்து 73 ஆயிரத்து 650. லாபம் 26 ஆயிரத்து சொச்சம். வரி சுமார் 5,270 ரூபாய். புதிய முறையில் லாபம் 12 லட்சம், வரி ஒன்றரை லட்சம். (செஸ் தனி. அதை இரண்டிலுமே விட்டிருக்கிறேன்.) ஐயாயிரம் எங்கே, ஒன்றரை லட்சம் எங்கே? இதற்குப் பெயர் வரிக் குறைப்பு!

இப்போது இன்னொருவர். அதே வருடம், அதே 10 லட்சம். ஆனால் வாங்கியது பெருநகரத்தை ஒட்டிய இடத்தில், இன்றைக்கு விற்பது ஒரு கோடிக்கு. பழைய முறையில் அவருக்கு வரி சுமார் 15 லட்சத்து 65 ஆயிரம். புதிய முறையில் 11 லட்சத்து 25 ஆயிரம். நாலு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம். ஆக, சொத்து பத்து மடங்கு ஆனவருக்குச் சலுகை, விலைவாசியோடு சேர்ந்து நொண்டி நொண்டி வந்தவருக்கு அபராதம். என் ஆத்திரம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

வருமான வரித்துறை சொன்ன சமாதானத்தையும் சொல்லிவிட வேண்டும். ரியல் எஸ்டேட் பொதுவாக வருடத்துக்கு 12 முதல் 16 சதவீதம் வளர்கிறது, இன்டெக்சேஷன் தருவதோ 4, 5 சதவீதம்தான், அதனால் பெரும்பாலோருக்கு லாபமே என்றார்கள். எப்போது லாபம் என்று அவர்களே கணக்கும் கொடுத்தார்கள். 5 வருடம் வைத்திருந்தால் விலை 1.7 மடங்கு ஆகியிருக்க வேண்டும். 10 வருடம் என்றால் 2.4 மடங்கு. 2009-10ல் வாங்கியதென்றால் 4.9 மடங்கு. நான் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் அந்த 12 சதவீத வளர்ச்சி எந்த ஊரில்? பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனதும் படுத்துவிட்ட கடைவீதியிலா? ஆலை மூடியபின் வாடகைக்குக்கூட ஆள் வராத தெருவிலா? 2009-10ல் 10 லட்சத்துக்கு வாங்கியதை 49 லட்சத்துக்கு விற்றவர்கள் உங்கள் தாலுகாவில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கூச்சல் எழுந்தது. இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 7 அன்று, மக்களவையில் திருத்தம் வந்தது. ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீடுகளுக்கு இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம் என்றார்கள். நல்லது. நன்றி. ஆனால் அதோடு எல்லோரும் அடங்கிப்போனோமே, யாரையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று பார்த்தோமா?

இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் கூட்டாகச் சேர்ந்து அரிசி ஆலை நடத்தி, நிறுவனத்தின் பெயரில் மனை வாங்கிப் போட்டிருந்தால் அவர்களுக்கு இல்லை. மேலே சொன்ன அதே 10 லட்சம், அதே 22 லட்சம் என்றால் பக்கத்து மனைக்காரர் 5,270 கட்டுவார், இவர்கள் ஒன்றரை லட்சம் கட்டுவார்கள். தொழில் நொடித்து, கடன் அடைக்க மனையை விற்கிறவர்களுக்கும் இதே கதிதான். வளைகுடாவில் வெயிலில் வெந்து சம்பாதித்து ஊரில் மனை வாங்கியவர், விற்கிற வருடத்தில் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற கணக்கில் வந்தால் அவருக்கும் இல்லை. உள்ளே விட்டவர்களுக்கும் ஒரு கொக்கி உண்டு. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறீர்கள் என்றால், இந்த விற்பனைக்கு வரி வராது, அவ்வளவுதான். அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

எல்லோரையும்விடப் பாவம் இனிமேல் வாங்கப்போகிறவர்கள். என் மாணவர்களில் பலர் இப்போதுதான் 50 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி இஎம்ஐ கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது, ஃபிளாட்டும் அதே அளவுதான் ஏறுகிறது என்று வையுங்கள். 15 வருடத்தில் அது சுமார் ஒரு கோடியே 4 லட்சம். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு அதே ஃபிளாட்தான் கிடைக்கும். நிஜ லாபம் பூஜ்யம். வரி மட்டும் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம்.

"வேறு வீடு வாங்கினால் வரி விலக்கு இருக்கிறதே சார்" என்று ஒரு ஆடிட்டர் நண்பர் சொல்வார். உண்மை. ஆனால் விற்கிற எல்லோரும் வேறு வீடு வாங்கவா விற்கிறார்கள்? பெண் கல்யாணம், ஆபரேஷன், பையனின் தொழில் கடன் என்று விற்கிறவன் மறுபடி வீடு வாங்கினால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது?

டெல்லியை மட்டும் திட்டினால் எனக்குக் கட்சி முத்திரை குத்துவீர்கள். சென்னையும் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான். 2017ல் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டல். கூடவே வழிகாட்டி மதிப்பு 2017க்கு முந்தைய நிலைக்குத் திரும்பியது. 100 ரூபாய் மதிப்பு 67 ஆக இருந்தபோது முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. இப்போது 100க்கு 9 சதவீதம், 9 ரூபாய். குறைத்த பிறகு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது! யார் ஆட்சி என்பதெல்லாம் அப்புறம். எதில் சதவீதம் என்று கேளுங்கள்.

கடைக்காரர்கள் கதை வேறு மாதிரி. இது பட்ஜெட்டில் வரவில்லை, ஜிஎஸ்டி கவுன்சில் வழியாக வந்தது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவரின் கட்டிடத்தில் பதிவு உள்ளவர் கடை வைத்திருந்தால், வாடகைக்கு 18 சதவீத வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்றார்கள். பெரிய நிறுவனம் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன வியாபாரிக்கு அந்த வழியே கிடையாது. மாதம் இரண்டரை லட்சம் வியாபாரம் என்றால் அவர் கட்டும் ஜிஎஸ்டி 1 சதவீதம், 2,500 ரூபாய். கடை வாடகை 20 ஆயிரம் என்றால் அதற்கு வரி 3,600. விற்ற சரக்குக்குக் கட்டுவதைவிட, சரக்கை வைத்திருக்கும் நாலு சுவருக்கு அதிகம். வியாபாரிகள் கடையடைப்பு, ஆர்ப்பாட்டம் என்று இறங்கிய பிறகு டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் காம்போசிஷன்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தது. 2025 ஜனவரி 16 முதல் அமல். இடைப்பட்ட மூன்று மாதம்? "உள்ளது உள்ளபடி" விட்டுவிட்டார்கள். கட்டாதவரிடம் கேட்கமாட்டார்கள், ஒழுங்காகக் கட்டியவருக்குத் திரும்பி வராது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் முதல் மாதமே கட்டிவிட்டான். "நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க, கெடுவுக்குள்ள முடிக்கணும்னு" என்கிறான். நான் என்ன பதில் சொல்வது?

கடைசியாக, 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு வாட்ஸப்பில் சுற்றும் "12 லட்சம் வரை வரியே இல்லை" என்பதை நம்பிச் சொத்தை விற்றுவிடாதீர்கள். அந்தத் தள்ளுபடி சம்பளம், பென்ஷன், வியாபார வருமானம் போன்றவற்றுக்கு. சொத்து விற்ற ஆதாயம் தனி வீதத்தில் வரி கட்டுவது, அதற்குத் தள்ளுபடி பொருந்தாது. பென்ஷன் 6 லட்சம், மனை விற்ற ஆதாயம் 5 லட்சம், மொத்தம் 11 லட்சம்தானே என்று நினைத்தால் 62,500 ரூபாய்க்கு நோட்டீஸ் வரும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆகஸ்ட் திருத்தத்தில் கொடுத்த தேர்வை எல்லோருக்கும் எல்லாக் காலத்துக்கும் கொடுங்கள். இனி வாங்குகிறவருக்கும், கூட்டு நிறுவனத்துக்கும், வெளிநாட்டில் உழைக்கிறவருக்கும். வரி முறையை எளிமையாக்கத்தான் இன்டெக்சேஷனை எடுத்தோம் என்கிறார்கள். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கை வருமான வரித்துறையின் கம்ப்யூட்டர் போடாதா? அடுத்த பட்ஜெட்டுக்கு முன் உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது இதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதை விற்கிறவர்கள், ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மாடி எடுத்த பில், காம்பவுண்டு கட்டிய ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள், அந்தச் செலவுக்கும் குறியீட்டு எண் உண்டு. 2001க்கு முன் வாங்கிய பூர்வீகச் சொத்து என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் வாங்கிய வருடம், விலை, விற்ற விலை மூன்றையும் கமெண்டில் போடுங்கள், சாயங்காலம் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். பத்திரத்தைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.