எஸ்டிமேட்டில் விடுபட்ட ஜன்னல்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின்னர், 2024 டிசம்பர் மாதத்தின் முதல் நாட்களில், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவை எட்டி ரயில்கள் நின்றுபோன சமயத்தில், விழுப்புரம் வட்டாரத்து ஜனங்களின் கண்களெல்லாம் மாடியையே நாடியிருந்தன. என் கவலையோ நிலத்துக்குக் கீழே உள்ள அறைகளைப் பற்றியது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010-இல் முண்டியம்பாக்கத்துக்கு வந்தது. சர்க்கரை ஆலையும் நெடுஞ்சாலையும் ஏற்கெனவே அருகில் இருந்தன. மனையின் விலை ஏறும் இத்தகைய இடத்தில் கட்டடம் எழுப்புகிறவர், மேலே உயர்ந்தது போதாதென்று கீழேயும் தோண்ட நினைப்பது இயற்கையே. நம் மேஸ்திரிமாருக்கோ ‘பேஸ்மட்டம்’ என்றால் தரைக்கு மேல் எழும் அடிப்பீடம். மண்ணுக்குள் மனிதர் நடமாடும் தளத்தைக் குறிக்கும் ‘நிலவறை’ என்ற சொல் அவர்கள் பேச்சில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. பெயர் பழகாத பொருளுக்கு முறையும் ஏற்படாமற்போனதில் வியப்பில்லை.

முறையற்ற நிலவறை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 2024 ஜூலை 27 அன்று டில்லி பழைய ராஜேந்திர நகரில், வாகனம் நிறுத்தவும் பொருள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்ற நிலவறை நூலகமாக நடந்துவந்த பயிற்சி நிலையமொன்றில், மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் பிராணனை இழந்தார்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் நிலவறைச் சரக்குகளில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, ஏறத்தாழ 90 பேரைக் கொன்றது. ஒன்று நீர், மற்றொன்று நெருப்பு. ஆயினும் சரக்குக்கென்று ஒதுக்கிய இடத்தில் மனிதரை அமர்த்துவதும், மனிதர் இருக்கும் கட்டடத்தின் கீழே எரியும் சரக்கை அடுக்குவதும், அந்த இடத்துக்கு வேண்டிய வழியையும் காவலையும் கணக்கில் சேர்க்காத ஒரே மனோபாவத்தின் இரு முகங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் வெளிப்புறத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன்மேல் அழுந்தும் பாரம் ஏறக்குறைய 500 கிலோ. அதை உள்ளிருந்து தள்ளித் திறக்க எந்தத் தேகபலமும் போதாது. ஆகவே இரண்டாவது வழி அவசியமாகிறது. அது சுவரின் மேற்பகுதியில், ஒருவர் ஏறி வெளியேறும் அளவில் அமைந்த ஜன்னலாக இருக்கலாம். அமெரிக்க வீட்டு விதிகள் இத்தகைய ஜன்னலுக்குக் குறைந்தது 5 சதுர அடித் திறப்பும், தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேற்படாத அடிவிளிம்பும் வேண்டும் என்கின்றன. முதுகில் சுவாசக்காற்று உருளையைச் சுமந்த தீயணைப்பு வீரர் உள்ளே நுழைய வேண்டுமென்பதும் அந்த அளவின் நோக்கம்.

இந்த அளவுகளை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் செலவைப் பற்றிய பயம் பெரிதும் தெளியும். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நிலவறையின் கூரை சுற்றுப்புறத் தரைக்கு மேல் 0.9 மீட்டருக்குக் குறையாமலும் 1.2 மீட்டருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்கிறது. அறையின் உயரம் இரண்டரை மீட்டரானால், ஜன்னலின் அடிவிளிம்பை 44 அங்குலத்தில் வைக்க வெளியே ஒன்றரை, இரண்டடி ஆழக் குழியே போதும். விதியை மதித்துக் கட்டுகிறவருக்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிடுகிறது. கூரையைத் தரைமட்டத்துக்கே தாழ்த்திக்கொண்டவர்தாம் ஆழக் குழிக்கும், அதைத் தாங்கும் சுவருக்கும், இரும்பு ஏணிக்கும் செலவிட நேர்கிறது.

கான்கிரீட் போடுவதற்கு முன்பே சென்ட்ரிங்கில் திறப்பு விட்டுவைத்தால், எஸ்டிமேட்டில் ஏறுவது சட்டம், கீல், குழிச்சுவர், நீர்போக்கி ஆகிய சில வரிகள்தாம். கட்டி முடித்தபின் விழிப்படைகிறவரோ, பொறியாளரை அழைத்துச் சுவரின் பாரத்தைக் கணக்கிட்டு, ஜாக்கி முட்டுக்கொடுத்து, வைரப் பல் இயந்திரத்தால் கம்பியோடு சேர்த்து அறுத்து, புதிதாக லிண்டல் வைத்து, வெளியே தோண்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை மறுபடி தொடங்கவேண்டும். இவற்றுள் ஒன்றையும் விட்டுவிட முடியாது. குழியின் அடியில் விழும் நீர் களிமண்ணில் தானே வற்றாது; அதை இறைக்கும் மோட்டாரும், புயல் இரவில் மின்சாரம் போனபின் அதை ஓட்டும் ஜெனரேட்டரும் கணக்கில் சேரவேண்டும்; அந்த ஜெனரேட்டர் நிலவறையில் இருக்கவே கூடாது. குழியைச் சுற்றி முழங்கால் உயர விளிம்புச் சுவர் எழுப்பாமல் இந்தத் தாழ்நிலத்தில் ஜன்னல் வைப்பது வெள்ளத்துக்கு வாசல் திறந்துவிடுவதாகும். அதை மீறியும் தண்ணீர் ஏறுமானால் ஜன்னலும் கதவின் கதியையே அடையுமாதலால், எச்சரிக்கை வந்தவுடன் அறையைக் காலி செய்வதற்கு எந்த ஜன்னலும் ஈடாகாது.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது கிரில். திருடனுக்குப் பயந்து ஒவ்வொரு ஜன்னலிலும் இரும்புக் கம்பியைச் சுவரோடு பதித்துவிடுவது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். தீ பற்றிய வேளையில் அதே கம்பி உள்ளிருப்பவரைச் சிறைப்படுத்துகிறது. உள்ளிருந்து சாவியில்லாமல், ஒரு கையால் நீக்கக்கூடிய தாழ்ப்பாளுடன் கிரிலைக் கீலில் தொங்கவிட்டால் திருடனும் நுழையமாட்டான், குடியிருப்பவரும் வெளியேறுவார். இதற்கு ஆகும் அதிகச் செலவு வெல்டிங் பட்டறையில் இரண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும்.

கட்டட நிறைவுச் சான்று வழங்கும் அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. நிலவறையுள்ள கட்டடத்துக்குச் சான்று அளிக்கும் முன், வரைபடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், உரிமையாளரையே கீழே அழைத்துச் சென்று, விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஜன்னலைத் தாமே திறந்து ஏறி வெளியே வரச் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், குழியிலுள்ள குப்பையை அள்ளி, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெயிட்டு, மோட்டாரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் கூலியையும் அவர் முதல் எஸ்டிமேட்டிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும்.