அலாய் வீல் முதல் கறுப்பு ஃபிலிம் வரை... வீட்டிலேயே காரை மாற்றினால் எது தப்பு, எது சரி? தொப்பூர் இறக்கத்துக்கு உண்மையில் தேவைப்படும் மாற்றங்கள் என்ன?

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் எல்இடி பல்பு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. எப்படி மாட்டுவது என்று சொல்ல யூடியூப்பில் பத்து நிமிட வீடியோ இருக்கிறது. ஒரு ஸ்பேனர் செட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும், பழைய செடான் காரைப் புது கார் மாதிரி ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பலருக்கு வந்திருக்கிறது. டிஸையர், அமேஸ், எக்ஸெண்ட், எட்டியோஸ் என்று குடும்ப கார் வைத்திருப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: "அண்ணே, இதை மாட்டினா ஆர்டிஓ ஏதாவது கேட்பாங்களா?"

தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. மாட்டிய பொருளோடு, நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாயில் இறங்கினால் என்ன ஆகும்?

தொப்பூர் ஏன் முக்கியம்?

பெங்களூருவையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிறது தொப்பூர் கணவாய். வளைவும் இறக்கமும் சேர்ந்து வரும் சாலை. 2020 டிசம்பர் 12-ம் தேதி இங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின, 4 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24-ம் தேதி லாரிகளும் காரும் மோதி, தீப்பிடித்ததில் மீண்டும் 4 பேர் உயிரிழந்தனர்.

இவை லாரிகளால் நடந்த விபத்துகள். காரை மாற்றியமைத்ததற்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பின்னால் வரும் லாரியை கார் ஓட்டுபவரால் கட்டுப்படுத்த முடியாது. அவர் கையில் இருப்பது தன் காரின் பிரேக், டயர், விளக்கு, சீட் பெல்ட், ஏர்பேக் ஆகிய ஐந்தும்தான். வீட்டில் செய்யப்படும் பல மாற்றங்கள் கை வைப்பதும் இந்த ஐந்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம்.

2019 ஜனவரி 9-ம் தேதி, கேரளாவில் இருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. வாகனத்தின் அடிப்படை வடிவத்தையும் அமைப்பையும் மாற்றினால் பதிவு செய்ய முடியாது என்றது. பெயிண்ட் நிறம் மாற்றுவது, சின்னச் சின்னப் பொருட்கள் பொருத்துவது போன்றவற்றை அந்த அளவுக்குப் பெரிய மாற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. இன்ஜினை மாற்றுவதாக இருந்தால் முன்அனுமதி வேண்டும்.

தண்டனை? 2019-ல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே காரில் மூன்று மாற்றம் என்றால் கணக்கு 15,000 ரூபாய்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எடுத்த வாகனம் என்றால், பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் மாற்றவே கூடாது என்கிறது அதே 52-வது பிரிவு. கடனில் வாங்கிய கார் என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பெரிய டயர், அலாய் வீல் போடலாமா?

போடலாம். அளவுதான் விஷயம். அந்த மாடலுக்கு நிறுவனமே அங்கீகரித்த அளவுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. அதே காரின் விலை உயர்ந்த வேரியண்ட்டில் வரும் டயர் அளவு பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 647 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டரில் 100 என்று முள் காட்டும்போது முன்பைவிட 4 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் கார் போய்க்கொண்டிருக்கும். திரும்பும்போது டயர் உள்பக்கம் உரசலாம். சக்கரம் கனமானால் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு வேண்டும். விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று டயர் கடைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

காரை உயர்த்த ரப்பர் பஃபர் வைத்தால்?

கிராமத்துச் சாலையின் வேகத்தடையில் செடான் காரின் அடிப்பாகம் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். அதற்காக காயில் ஸ்பிரிங்கின் நடுவே ரப்பர் பஃபரைச் செருகுகிறார்கள். கார் கொஞ்சம் உயரும், தட்டுவதும் குறையும். ஆனால் ஸ்பிரிங் சுருங்கி விரிய வேண்டிய தூரத்தில் ஒரு பகுதியை ரப்பர் அடைத்துக்கொள்கிறது. குண்டு குழியில் விழும்போது அந்த அடி பாடிக்கும் ஸ்பிரிங் தாங்கும் பாகங்களுக்கும் போகிறது. வளைவில் டயரின் பிடிப்பும் மாறும்.

பல நேரம் உண்மையான காரணம் தளர்ந்துபோன ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். அதே அளவில் புதிதாக மாற்றினாலே உயரம் திரும்பக் கிடைத்துவிடும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மறுபக்கம், ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துவது எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாத வேலை.

வெளிச்சம் போதவில்லை, என்ன செய்வது?

இரவில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தெருவிளக்கு இல்லாத சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு இது நியாயமான குறைதான். ஆனால் தீர்வு என்று நினைத்து 100 வாட் பல்பு வாங்குவதில்தான் ஆபத்து.

சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு ஹை பீமில் 60 வாட். 12 வோல்ட்டில் ஒன்றுக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். 100 வாட் போட்டால் ஒன்றுக்கே 8 ஆம்பியரைத் தாண்டும், இரண்டுக்கும் சேர்த்து 16-க்கும் மேல். அதே பழைய வயர், அதே ஹோல்டர். வயர் சூடாகும், ஹோல்டர் உருகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸை மாட்டினால், தீப்பிடிக்காமல் தடுக்க இருந்த கடைசிக் காவலையும் எடுத்துவிட்டதாக அர்த்தம்.

எல்இடி பல்பு மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த ரிஃப்ளெக்டரில் வேறு வடிவ எல்இடியை மாட்டினால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வளைவான இறக்கத்தில் எதிரே வரும் டிரைவருக்கு இரண்டு விநாடி கண் தெரியாமல் போவது யாருக்கு நல்லது?

சட்டப்படியும் செலவுப்படியும் சரியான வழி வேறு. மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கவரை பாலிஷ் செய்வது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அதே வாட் புதிய பல்பு போடுவது, வெளிச்சம் விழும் கோணத்தை சரிசெய்வது. இந்த மூன்றிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

கறுப்பு ஃபிலிம் விவகாரம்

வெயிலுக்காக ஃபிலிம் ஒட்டுவது பழைய பழக்கம். 2012 ஏப்ரல் 27-ம் தேதி அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தது. தயாரிக்கும்போதே முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி 100.

பிறகு அந்த விதி திருத்தப்பட்டது. அதை வைத்து, இதே ஒளி அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டினால் நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. தவிர, 50 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் அடர் கறுப்பு ஃபிலிமை அந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை.

சின்னதாகத் தெரியும் பெரிய ஆபத்துகள்

சீட் பெல்ட் அலாரம் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதைத் தொடர்ந்து இதுபோன்ற 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள்தான். ஆனால் காரில் செய்யக்கூடிய மிக மோசமான மாற்றம் இதுதான் என்று சொல்லலாம். சீட் பெல்ட் போடாமல் முன்னால் பாயும் உடம்பை ஏர்பேக் மட்டும் தாங்காது.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காருக்கு, அந்த இடத்தில் திறப்பு இல்லாத தடித்த சீட் கவர் போட்டால் ஏர்பேக் சரியாக விரியாது. டேஷ்போர்டில் பயணி பக்க ஏர்பேக் மூடி மீது பிள்ளையார் சிலையை ஒட்டினால், விபத்தின்போது அது முகத்தை நோக்கிப் பறக்கும். சாமியை அந்த மூடியைத் தவிர்த்து வேறு இடத்தில் வைப்பது நல்லது. பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு போடுவதும் இதே ரகம். மோதலின் வேகத்தை அது வேறு விதமாகக் கடத்துவதால் ஏர்பேக் சென்சார் குழம்பலாம், நடந்து போகிறவருக்கும் அடி பலமாக விழும். 2017 டிசம்பரிலேயே இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

சமையல் காஸ் சிலிண்டரை வைத்து கார் ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அது குற்றம், உயிருக்கும் உலை. எல்பிஜி, சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்றால் அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகாரம் பெற்ற மையம், ஆர்.சி.யில் பதிவு, காலமுறை சிலிண்டர் பரிசோதனை எல்லாம் கட்டாயம்.

சுருக்கமாக: மூன்று பட்டியல்

தாராளமாகச் செய்யலாம்: ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம், மியூசிக் சிஸ்டம், மிதியடி, ஏசி ஃபில்டர், வைப்பர், அதே வகை பேட்டரி. வயரிங் வேலை என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வயரை வெட்டி ஒட்டாமல் பொருத்தமான கப்ளர் பயன்படுத்துவது அவசியம். வெட்டினால் வாரண்டி போகலாம்.

ஆர்டிஓ அனுமதி, ஆர்.சி. பதிவோடு செய்யலாம்: நிற மாற்றம், இன்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப காரை மாற்றியமைக்கவும் 2019 திருத்தம் தனியாக வழி செய்திருக்கிறது. பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெறாமல் ஏதாவது மாற்றம் நடந்துவிட்டால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 'டிஎன் 29' வண்டிகளுக்கு தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே இடம்.

தொடவே கூடாது: அலறும் சைலென்சர், பல குரல் ஹார்ன், அடர் கறுப்பு ஃபிலிம், இரும்பு பம்பர் கார்டு, சீட் பெல்ட் கிளிப், அறுத்த ஸ்பிரிங், விருப்பப்படி டிசைன் செய்த நம்பர் பிளேட்.

எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பொருத்திய பொருளுக்கு இழப்பீடு கிடைக்காது. விபத்துக்கு அந்த மாற்றமே காரணம் என்று தெரிந்தால் சொந்த வாகன சேத கிளைமே சிக்கலாகிவிடும்.

குழப்பம் மக்களிடம் மட்டுமா?

இல்லை. சட்டத்தை உரிமையாளர் மீது மட்டும் சுமத்துவதில் ஒரு குறை இருக்கிறது. ஜெர்மனியில் கூடுதலாகப் பொருத்தும் பாகத்துக்கு அங்கீகாரச் சான்று வரும். சான்று இல்லையென்றால் டியூவி போன்ற பரிசோதனை அமைப்பிடம் காரைக் காட்டி ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். எது சரி, எது தப்பு என்று வாங்கும்போதே தெரியும். இங்கே சட்டத்துக்குப் புறம்பான பொருள் கடையில் வெளிப்படையாக விற்கிறது, ஜிஎஸ்டி பில்லோடு வீட்டுக்கு வருகிறது. சாலையில் நிறுத்தும்போதுதான் அது குற்றம் என்று தெரிகிறது. சீட் பெல்ட் கிளிப்பை விற்பனை இடத்திலேயே தடுத்த மாதிரி மற்றவற்றையும் தடுத்தால், தெருவில் அபராதம் போட வேண்டிய தேவையே பாதி குறையும்.

கையில் பணம் இருந்தால் முதலில் எதற்கு?

தொப்பூர் மாதிரி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் பிரேக் ஆயில் சூடாகும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பல வருடமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு ஓடும் காரில் பளபளக்கும் அலாய் வீல் இருந்து என்ன பயன்?

எனவே வரிசை இதுதான். முதலில் பிரேக் ஆயிலும் பேடும். பிரேக் வேலையை மட்டும் வீட்டில் செய்யாமல் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அடுத்து தேய்ந்த டயர். பிறகு ஹெட்லைட் கவர், பல்பு, கோணம். பின்சீட்டின் பெல்ட் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தால் வெளியே எடுத்து வைப்பது. இதற்குக் காசே செலவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கீழ் கியரில் இறங்குவதற்கும் செலவில்லை.

இத்தனையும் முடிந்து பணம் மிச்சம் இருந்தால், நிறுவனம் சொன்ன அளவில் அலாய் வீல் போட்டுக்கொள்ளலாம். ஆர்டிஓவும் ஒன்றும் கேட்க மாட்டார்.