இஸ்தான்பூல் வீதிகளில் நாய்களும் நமது தொழுகையும்



உம்ராவை நிறைவேற்றியபின் துருக்கியையும் பார்த்துத் திரும்பும் பயணங்கள் நம் குடும்பங்களிடையே இப்போது பரவலாகிவிட்டன. பள்ளி விடுமுறையையொட்டிப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோர் மிகுதி. சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல், ஆயா சோஃபியா, தோப்காப்பி அரண்மனை, அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் அய்யூப் சுல்தான் பகுதி ஆகியவற்றைப் பற்றி விவரிக்கப் பலர் இருக்கின்றனர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது, பயணத்திற்கு முந்தைய வகுப்புகளில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்றை. அந்நகரின் நாய்களைப் பற்றியே எழுதுகிறோம்.

இஸ்தான்பூலில் நாய் இல்லாத வீதியைக் காண்பது அரிது. பெரிய உடலும் அடர்ந்த ரோமமும் கொண்ட நாய்கள் கடைவாசலிலும், படகுத்துறையிலும், பூங்காப் புல்வெளியிலும், பள்ளிவாசல் முற்றத்தின் ஓரத்திலும் கால்நீட்டி உறங்கும். பலவற்றின் காதில் சிறு நெகிழித் தகடு இருக்கும். நகராட்சி அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பதிவுசெய்து விட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வழிப்போக்கர் சுற்றிக்கொண்டு போவார்களே அன்றி அவற்றை எழுப்பமாட்டார்கள். சில நேரங்களில் ஒரு நாய் தானாக எழுந்து, வெளியூர்க்காரரான நம்முடன் ஒரு தெரு முழுதும் நடந்து வந்து, தன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். நாய் வளர்க்காதவரும் அந்நகரை ஒரு நாயுடன் சுற்றிப்பார்த்தவராகவே ஊர் திரும்புகிறார்.

நம்மவர்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பெண்கள் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றனர். அதைப் பார்த்துப் பிள்ளைகள் அலறுகின்றனர். ஓடுவோரை நாய் துரத்துகிறது. ஒருவர் கல்லைத் தேடுகிறார். இன்னொருவர், ஆடையில் நாய் உரசிவிட்டது, இனித் தொழ முடியாது என்று முடிவுசெய்து, அஸர் தொழுகையை விடுதி அறைக்குத் தள்ளிப்போட்டு, மஃக்ரிபு நேரத்தில்தான் அறையை அடைகிறார். உம்ராவை முடித்து இரண்டு நாள்கூட ஆகாத நிலையில், கடமையான ஒரு தொழுகை இப்படிக் கைநழுவுகிறது. உயிருள்ள ஒரு படைப்பின் மீது கல்லும் விழுகிறது. இரண்டையும் மார்க்கத்தின் பெயரால் செய்கிறோம் என்பதுதான் நம்மை எழுதவைத்தது.

மதரஸாவில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "உஸ்தாத், நாய் ஹராமா?" என்பது. இக்கேள்விக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. ஹராம் என்பது நம் செயலைக் குறிக்கும் சொல். நாயின் இறைச்சியை உண்பது ஹராம். நாய் என்ற படைப்பு ஹராம் ஆகாது. அல்லாஹ் படைத்த ஒன்று அவ்வாறு ஆவதற்கு வழியில்லை. நஜீஸ் என்பதோ தூய்மை பற்றிய சட்டச்சொல். எதைக் கழுவ வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்பதை அது சொல்லும். எதை வெறுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. நம் குழந்தையின் சிறுநீரும் நஜீஸ்தான். அதற்காகக் குழந்தையை எவரும் கல்லால் அடிப்பதில்லை.

குர்ஆனில் நாய் இடம்பெறும் இடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் வியப்படைவதைக் கண்டிருக்கிறோம். குகைவாசிகளுடன் அவர்களது நாயும் வாசலில் முன்னங்கால்களை விரித்துக் கிடந்ததைச் சூரத்துல் கஹ்ஃபு எடுத்துரைக்கிறது. அவர்களின் எண்ணிக்கை பற்றி மக்கள் தர்க்கித்ததைக் கூறும்போதும், ஒவ்வொரு கூற்றிலும் நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. பயிற்சி பெற்ற வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணச் சூரத்துல் மாயிதா அனுமதிக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயால் கவ்வியபடி ஏறிவந்த மனிதர் மன்னிக்கப்பட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்துபோயின என்றும், அதற்காக எவரும் தண்ணீர் தெளிக்கவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) வழியாக அதே நூலில் பதிவாகியுள்ளது.

மறுபக்கத்தை மறைப்பது ஆலிமுக்கு அழகன்று. வேட்டை, கால்நடை, பயிர்க்காவல் ஆகிய தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்றும், இரண்டு கீராத் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நாய் இருக்கும் வீட்டில் வானவர் நுழைவதில்லை என்பதும் உறுதியான ஹதீஸே. மதீனாவில் ஒரு கட்டத்தில் நாய்களைக் கொல்ல ஆணையிடப்பட்டு, பின்னர் அது தடுக்கப்பட்ட செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே, வீட்டுக்கு ஒரு நாய் வாங்குங்கள் என்று நாம் எழுதவில்லை. அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாய் வளர்க்கும் புதுப்பழக்கம் நம் வீடுகளுக்கு வேண்டாம் என்பதே நமது கருத்து. ஆனால் வளர்க்காதே என்ற கட்டளையை வதைத்துக்கொள் என்ற அனுமதியாக வாசிப்பது மார்க்கத்தின் மீது நாம் சுமத்தும் பழி.

இனிச் சட்டத்திற்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்வோர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். உள்மாவட்டங்களிலிருந்து செல்வோரில் ஹனஃபிகள் மிகுதி. ஒரே பயணக்குழுவில் இரு சாராரும் இருப்பர் என்பதால் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் கடுமையான நஜீஸ். அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும்; அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். தெரியாத பகுதியே பயணத்தில் தேவைப்படுவது. நாயின் உடல், நமது ஆடை ஆகிய இரண்டும் காய்ந்திருக்கும்போது ஒன்றோடொன்று உரசினால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஈரம் இருந்தால்தான் ஒட்டும். வெயில் காய்ந்த தெருவில் ஒரு நாய் புர்காவில் உரசிச் சென்றால் கழுவ வேண்டியது எதுவுமில்லை. ஒளுவும் முறிவதில்லை, நஜீஸ் படுவதால் ஒளு முறியும் என்பது எந்த மத்ஹபிலும் இல்லாத கருத்து. ஈரம் இருந்ததா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், உறுதியாக இருந்த தூய்மை ஐயத்தால் நீங்காது என்ற விதி போதும். மழைநாளில் தவிர்க்க முடியாத தெருச்சேறு தெறிப்பதற்கும் நம் இமாம்கள் சலுகை அளித்திருக்கின்றனர். நாய் உண்மையாகவே நக்கிவிட்டால் என்ன செய்வது? விடுதியில் மண்ணுக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். பூங்காவிலிருந்து ஒரு கைப்பிடி தூய மண்ணைக் காகிதத்தில் பொதிந்து வந்தால் போதும். சோப்பு மண்ணுக்கு ஈடாகும் என்ற கருத்தும் மத்ஹபுக்குள்ளேயே உண்டு. எனினும் மண்ணே வலுவான கருத்து.

ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ்; உடல் அவ்வாறன்று. எச்சில் பட்டதை மூன்று முறை கழுவினால் தூய்மை கிட்டும். இஸ்தான்பூல்வாசிகள் பெரும்பாலும் ஹனஃபிகள் என்பதை நினைவிற்கொண்டால், நாய் படுத்திருக்கும் முற்றத்தைக் கடந்து அவர்கள் அமைதியாகத் தொழச் செல்வதன் பின்னணி விளங்கும். அவர்கள் மார்க்கத்தில் அலட்சியமானவர்கள் என்று குழுவினர் சிலர் முணுமுணுப்பது அறியாமையால் வருவது. மாலிகி மத்ஹபிலோ நாயின் எச்சிலும் தூயதே. பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது அவர்களிடம் வணக்கமாகப் பேணப்படும் கட்டளை. பெரும் சிரமம் நேரும்போது இன்னொரு மத்ஹபின் கருத்தை அதன் நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஷாஃபிஈ அறிஞர்கள் சொன்னதுதான். தொழுகையைக் களா ஆக்குவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

அந்நகருக்கும் அதன் நாய்களுக்கும் இடையிலான உறவு நெடியது. உஸ்மானியர் காலத்தில் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அதற்கெனச் சில நாய்கள் இருந்தன. மக்கள் உணவிட்டனர், அவை இரவில் அந்நியரைக் கண்டு குரைத்தன. 1869இல் வெளியான தம் பயண நூலில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இந்நாய்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பறவைகளுக்காகப் பள்ளிவாசல் சுவர்களிலேயே சிறு மாளிகை போன்ற கூடுகளைக் கல்லில் செதுக்கிய சமூகம் அது. உஸ்குதாரில் உள்ள புதிய வாலிதே பள்ளிவாசலில் அவற்றை இன்றும் காணலாம். வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டாலும் நிமிர்ந்து பாருங்கள்.

அதே நகரில்தான் 1910இல் அந்தக் கொடுமையும் நிகழ்ந்தது. ஐரோப்பிய நகரங்களைப் போல வீதியைச் சுத்தமாக்கப் போகிறோம் என்று, பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள சிவ்ரிஅதா என்ற நீரற்ற பாறைத்தீவில் விட்டனர். பசியாலும் தாகத்தாலும் அவை ஒன்றையொன்று தின்று மடிந்தன. ஊளை கரை வரை கேட்டது என்பர். பின்னர் வந்த போர்களையும் பேரிடர்களையும் அந்தப் பாவத்தின் விளைவாகவே பாமர மக்கள் பேசிக்கொண்டனர். விளைவு என்று தீர்ப்பளிக்க நாம் யார்? ஆனால் தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவரின் செய்தியைத் தலைமுறை தலைமுறையாக ஓதிய மக்களின் மனசாட்சி அப்படிப் பேசியதில் வியப்பில்லை.

2021இல் போஜி என்ற நாய் அங்குப் புகழ்பெற்றது. அது படகிலும் மெட்ரோவிலும் டிராமிலும் தானாக ஏறி, உரிய நிறுத்தத்தில் இறங்கி, ஒரு நாளில் 30 கிலோமீட்டர் வரை பயணம் செய்ததை நகராட்சி கண்காணிப்புக் கருவி பொருத்திக் கண்டறிந்தது. கழுத்துப்பட்டை பூட்டிய தம் நாயுடன் அதே படகில் ஏறும் உள்ளூர்வாசிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் நீங்கள் காண்பீர்கள். அருகில் அமர விருப்பமில்லையெனில் எழுந்து வேறிடம் செல்லலாம். மூக்கைப் பொத்துவதும், பிள்ளைகளுக்குக் காட்டிச் சிரிப்பதும், உரத்த குரலில் "சீ" என்பதும் முஸ்லிமின் அதபு அல்ல.

பார்வையற்ற சகோதரர் ஒருவர் வழிகாட்டி நாயுடன் தொழ வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அது எழுந்தது. ஆலிம்கள் ஆலோசித்து, தொழுமிடத்திற்கு வெளியே நாய்க்குத் தனியிடம் ஒதுக்கி, அவர் உள்ளே சென்று தொழ வழி செய்தனர். தொழுமிடத்தின் தூய்மையும் காக்கப்பட்டது, கண்ணில்லாத முஸ்லிமின் ஜமாஅத்தும் காக்கப்பட்டது. நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் இன்னும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. இனி எண்ணலாம்.

நாய்களைக் குறித்து மிகையான கனிவும் ஆபத்தே. பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையைத் துருக்கி 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்றது. ஆனால் பல ஊர்களில் அது சரிவர நடைபெறவில்லை. நாய்களால் தாக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் முறையிட்டனர். 2024 ஜூலையில் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கும் புதிய சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்தும் மக்கள் வீதிக்கு வந்தனர். நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்து, சில நாள்களிலேயே அதைத் திருத்தியது. பிள்ளைகளின் உயிரும் அமானிதம், வாயில்லா உயிரும் அமானிதம் என்கையில் எளிய தீர்வு எவரிடமும் இல்லை. கல் தீர்வாகாது என்பது மட்டும் நமக்கு உறுதி.

ஆகவே குடும்பத்துடன் செல்வோர் பிள்ளைகளிடம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்: நாயைக் கண்டால் ஓடாதே, கண்ணோடு கண் நோக்காதே, உறங்குவதையும் உண்பதையும் நெருங்காதே, குட்டியைத் தூக்காதே. கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். காதில் தகடு இருக்கிறதே என்று அலட்சியம் கூடாது. மஞ்சள் பூசுவதும் ஓதி ஊதுவதோடு நிறுத்திக்கொள்வதும் உயிரைப் பறிக்கும். ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

பயணக்குழுக்களை நடத்தும் ஹழ்ரத்மார்களிடம் ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் நடத்தும் வகுப்பில் இஹ்ராம், தவாஃப், ஸயீ ஆகியவற்றுக்குப் பிறகு துருக்கி நாள்களுக்கென நாம் ஒதுக்குவது பெரும்பாலும் குளிராடையையும் கடைவீதியையும் பற்றிய பேச்சுக்கே. அதில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். காய்ந்தது, ஈரமானது என்ற வேறுபாட்டைப் பெண்கள் பகுதிக்கும் கேட்கும்படி இரண்டு மத்ஹபிலும் சொல்லுங்கள். கைப்பையில் ஒரு சிறு பொதியில் தூய மண் எடுத்துவரச் சொல்லுங்கள். தயம்முமுக்கும் அது உதவும்.