உரிமம் பெட்டியிலே, துரு குழலிலே!
விவசாயிக்குத் துப்பாக்கிப் பராமரிப்புப் பயிற்சி ஏன் வேண்டும்?



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கோவையில் உள்ள ரைபிள் கிளப்பில் இடம் கேட்பது, அரசு உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்து வருவது, உரிமம் வைத்திருக்கும் நம்ம சூலூர் வட்டார விவசாயிகளுக்கு இரண்டு நாள் கையால் தொட்டுப் பழகும் பயிற்சி நடத்துவது. இவ்வளவுதான் தீர்மானம்.

மறுநாள் காலையிலேயே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. "சங்கத்துக்காரங்க துப்பாக்கி செய்யப் போறாங்களாமா?" என்றார் ஒருவர். "வெள்ளாமைக்குத் தண்ணியில்லை, விலையில்லை, இவங்களுக்குத் துப்பாக்கி ஒண்ணுதான் கேடா?" என்றார் இன்னொருவர். நம்ம வீட்டுப் பெண்களும் பயப்படுகிறார்கள். கேட்பது நியாயம்தான். பதில் சொல்வது நம் கடமை. அதற்காகவே இந்தத் துண்டறிக்கை.

பன்றி மலையை விட்டு எப்பவோ இறங்கிடுச்சுங்க!

முன்னெல்லாம் காட்டுப்பன்றி என்றால் தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, மேட்டுப்பாளையம் பக்கத்துச் சங்கதி. இன்றைக்கு அது நொய்யல் கரையோடு வருகிறது, ஓடைப் புதரில் படுக்கிறது, சீமைக்கருவேல மரக்கூட்டத்தில் குட்டி போடுகிறது. இட்டேரி வழியே இறங்கி ஒரே ராத்திரியில் மக்காச்சோளக் காட்டை உழுது போட்டுவிட்டுப் போகிறது. வாழைக் கன்றையும் விடுவதில்லை, தென்னம்பிள்ளையையும் விடுவதில்லை. நாலு மாசம் பாடுபட்டவன் காலையில் காட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்து உட்காருகிறான்.

அரசாங்கம் என்ன செய்தது? 2025 ஜனவரியில் ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். நம்ம சூலூர் எந்தக் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது? மூன்றைத் தாண்டி எவ்வளவோ தூரத்தில் இருக்கிறோம். அப்படியானால் இங்கே சுடலாம். ஆனால் சுட வேண்டியது வனத்துறை. ராத்திரி ஒரு மணிக்குப் பன்றி வந்தால் மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் வனக்காவலரை எந்த பஸ் ஏற்றிக் கூட்டி வருவது?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2022ல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்கள் உத்தரவிடலாம். இதே முறையைத்தான் நாமும் கேட்கிறோம். கேட்டால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "விவசாயிக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கு நம்மிடம் நேர்மையான பதில் இல்லை. அதைத்தான் நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம துப்பாக்கி எந்த நிலையில் கிடக்கிறது?

அப்பாரு காலத்துத் துப்பாக்கி. சாளைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, இல்லாவிட்டால் பரணில் சாக்குக்குள் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு எடுத்து விபூதி, சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிறோம். மற்ற நாளில் திரும்பிப் பார்ப்பதில்லை. கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டாமல் காட்டுக்குப் போவோமா? மோட்டாருக்கு பேரிங் சத்தம் கேட்டால் அன்றைக்கே கழற்றி விடுகிறோம். துப்பாக்கியை மட்டும் அப்படியே விடுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஒரு ராத்திரி அவசரமாக எடுத்திருக்கிறார். நல்ல காலம், டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. உள்ளே குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. பார்க்காமல் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். கையும் போயிருக்கும், கண்ணும் போயிருக்கும். பன்றி பாட்டுக்கு மக்காச்சோளம் தின்றுகொண்டிருக்கும்!

அப்புறம் தேர்தல். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு நடத்தை விதி மார்ச் 16ல் வந்தது. நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19ல் முடிந்தது. எண்ணிக்கை ஜூன் 4ல்தான். நாம் ஓட்டுப் போட்டு முடித்து ஒன்றரை மாதம் கழிந்த பிறகுதான் முடிவே. இப்படி ஒப்படைத்துத் திரும்பி வாங்கிய துப்பாக்கிகளை நாங்கள் பார்த்தோம். கட்டையில் ஈரம், குழலில் செந்துரு. எண்ணெய் போட்டுக் கொடுத்தோமா என்றால் அதுவும் இல்லை. குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்துகொள்ளுங்கள்!

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயி துப்பாக்கி உரிமம் கேட்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி அதற்குப் போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேறு வழுவழுக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் கொடுக்கலாம். ஆக இது பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த வழி.

ஆனால் அதே சட்டத்தின் 5வது பிரிவையும் படியுங்கள். துப்பாக்கியைச் செய்வது மட்டும் குற்றமல்ல. உரிமம் இல்லாதவர் அதைப் பழுது பார்ப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 வருடம், அதிகம் போனால் ஆயுள். ஸ்பிரிங் உடைந்தால் ஊர்ப் பட்டறையில் கொடுத்து வெல்டு வைக்கச் சொல்கிறோமே, அந்தப் பட்டறைக்காரரைச் சிறை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று தெரியுமா? குழலை அறுத்துக் குட்டையாக்குவதை 6வது பிரிவு தனியாகவே தடுக்கிறது. அதற்கும் இதே தண்டனைதான்.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு புது உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும். அதற்கு முன்னால் உரிமம் வாங்கிய நமக்கெல்லாம் யார் பயிற்சி கொடுத்தார்கள்? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப் போனால் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர் யார்?

உரிமம் வேறு, பன்றியைச் சுட அனுமதி வேறு. இதையும் மறக்காதீர்கள். 2022 திருத்தத்தின்படி பன்றி வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. முறையான அனுமதி இல்லாமல் சுட்டால் வழக்குதான். மயிலோ தேசியப் பறவை, முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம். சங்கம் துணைக்கு வராது.

பயிற்சியில் என்ன நடக்கும்?

துப்பாக்கி செய்யக் கற்றுக் கொடுக்க மாட்டோம். பாகம் மாற்றவும் கற்றுக் கொடுக்க மாட்டோம். அது உரிமம் பெற்றவர் வேலை. உரிமைக்காரன் தன் துப்பாக்கியை அறிந்து, சுத்தமாக வைத்து, கோளாறைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் பாடம்.

முதல் நாள்: ரைபிளில் பழகுவது. சின்ன ஏர் ரைபிளில் தொடங்குவோம். கிளப் அனுமதித்தால் பாயிண்ட் டூ டூ ரைபிளையும் பிரித்துக் காட்டச் சொல்வோம். ரைபிள் குழலுக்குள் திருகு வரி இருக்கும், நம்ம பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கியின் குழல் வழுவழுப்பாக இருக்கும். சுத்தம் செய்யும் ஒழுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். கையில் எடுத்தவுடன் திறந்து பார், காலியா என்று கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். குழல் வாயை ஆளை நோக்கித் திருப்பாதே. இதை நூறு தடவை செய்ய வைப்போம்.

இரண்டாம் நாள்: அவரவர் துப்பாக்கி. துடைக்கும் கம்பியை, வழி இருந்தால் பின்பக்கம் இருந்து விட வேண்டும், குழல் வாய் தேயாமல் இருக்கும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். துப்பாக்கிக்கு என்று இருக்கும் எண்ணெயை மெல்லிசாகப் போட்டால் போதும். கரிமருந்து போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி என்றால் அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகக் காய வைத்து எண்ணெய் போட வேண்டும். கரிமருந்தின் கசடு உப்பு மாதிரி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மறுநாள் பார்த்தால் துரு.

தோட்டா பற்றியும் பாடம் உண்டு. 12 போர் குழலில் தவறுதலாக 20 போர் தோட்டா போட்டால் அது உள்ளே வழுக்கிப் போய்ப் பாதியில் நிற்கும். காலியாக இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இப்போது வரும் நீளமான தோட்டா அதற்கு ஆகாது. இதெல்லாம் நமக்கு யாராவது சொன்னார்களா?

கட்டையைத் தரையில் தட்டினாலே குதிரை விழுகிறதா, கட்டையில் விரிசல் இருக்கிறதா, குழலில் புடைப்பு இருக்கிறதா என்று பழுதுபார்ப்பவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆகாத துப்பாக்கியை ஆகாது என்று சொல்வார். அப்பாரு ஞாபகம் என்று அழுதாலும் அதில் சுடக் கூடாது.

கட்டுப்பாடுகள் கண்டிப்பானவை. மாவட்டக் காவல்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அனுமதி கைக்கு வந்த பிறகே தேதி வைப்போம். உரிமத்தின் அசலைக் கொண்டுவர வேண்டும். துப்பாக்கி காலியாக, உறையில் வர வேண்டும். பயிற்சி நடக்கும் அறைக்குள் ஒரு தோட்டாகூட வராது. குடித்துவிட்டு வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புவோம், அவர் சங்கப் பொறுப்பாளராக இருந்தாலும் சரி. உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர் தயவு செய்து வராதீர்கள். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள், எழுதிக் கொடுக்கச் சங்கம் இருக்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இருக்கிற துப்பாக்கி பூட்டும் இல்லாமல், துருவும் போகாமல் தொங்குவதுதான் பெரிய ஆபத்து. நீங்களும் வாருங்கள். தோட்டாவை ஒரு இடத்திலும் துப்பாக்கியை ஒரு இடத்திலும் பூட்டி வைக்க ஆம்பிளைக்கு ஞாபகப்படுத்துவது நீங்கள்தானே!

துப்பாக்கியின் எதிர்ப்பக்கம் நின்ற சங்கத்துக்காரர்கள் நாம். 1970ல் பெருமாநல்லூரில் மின்கட்டணப் போராட்டத்தில் மூன்று விவசாயிகள் போலீஸ் குண்டுக்குப் பலியானதை இந்த மண் மறக்கவில்லை. ஒரு குண்டு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் விளையாட்டுக்கு அல்ல, ஒழுங்குக்குப் பயிற்சி கேட்கிறோம்.

பன்றிக்குத் துப்பாக்கி இல்லாதவன் என்ன செய்கிறான்? சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடித்து யானையின் வாய் கிழிகிறது. சிலர் வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன, தோட்டக்காரர் கைதானார். அந்தக் கம்பியில் நாளைக்குத் தண்ணீர் கட்டப் போகும் நம் பையனே விழலாம். இந்தக் கள்ள வழியைவிட, சட்டப்படி அனுமதி பெற்ற, பழகிய கையில் இருக்கும் ஒரு துப்பாக்கி எவ்வளவோ மேல்.

கையால் தொட்டுக் கற்பது நமக்குப் புதிதா? ஜி.டி.நாயுடு பிறந்த கலங்கல் நம்ம சூலூர்ப் பக்கம்தானே! வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித்தான் அவர் தொழில் பழகினார். விமானப்படை விமானங்களுக்கே பழுது நீக்கும் பணிமனை இருக்கிற ஊர் இது. பம்ப் செட்டும் லேத்தும் கோயமுத்தூரின் பெருமை. இத்தனை இருந்தும் ஒரு விவசாயி தன் துப்பாக்கியைக் காட்ட முறையான இடம் தேடி அலைய வேண்டுமா?

நம் கோரிக்கைகள்

1. உரிமம் பெற்ற விவசாயிகளுக்கு வருடம் ஒரு முறை பராமரிப்புப் பயிற்சியை மாவட்ட நிர்வாகமே நடத்த வேண்டும்.

2. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வருடம் இரண்டு நாளாவது ஒவ்வொரு தாலுகாவுக்கும் வந்து முகாம் போட வேண்டும்.

3. தேர்தலுக்கு ஒப்படைக்கும் துப்பாக்கிகளை ஈரம் படாத இடத்தில் வைத்து, ஒப்படைக்கும்போதும் திரும்பத் தரும்போதும் நிலையை எழுதி ரசீது தர வேண்டும். வழக்கு எதுவும் இல்லாத விவசாயியின் துப்பாக்கியைக் கட்டாயமாக வாங்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

4. கேரளம் போல, பயிற்சி பெற்ற உரிமக்காரர்களைக் கொண்டு, ஊராட்சி அளவில், வனத்துறை மேற்பார்வையில் பன்றியைக் கட்டுப்படுத்த அனுமதிக்க வேண்டும்.

நாலாவது கோரிக்கைதான் நமக்கு உயிர். அதைக் கேட்கும் தகுதியை முதலில் நாம் காட்ட வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது மனுவோடு சேர்த்துப் பயிற்சிச் சான்றையும் நீட்டுவோம். "விவசாயிக்கு என்ன தெரியும்" என்று கேட்டால், "இவ்வளவு தெரியும்" என்று சொல்லுவோம்.

தை அறுவடை முடிந்ததும் பயிற்சி வைக்க எண்ணம். உரிமம் வைத்திருப்பவர்கள் ஊர்க் கிளைச் செயலாளரிடம் இப்பவே பெயர் கொடுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். துப்பாக்கியை இறக்குங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, குழலைத் திறந்து, பின்பக்கம் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிறதா, குளவிக்கூடு தெரிகிறதா?

அங்கே இருந்து தொடங்குகிறது நம்ம பயிற்சி!

உழவர் ஒற்றுமை ஓங்குக!
சட்டப்படி கேட்போம்! தகுதியோடு கேட்போம்!

இவண்,
சங்கப் பொறுப்பாளர்களும் உறுப்பினர்களும்,
சூலூர்.