வழிகாட்டும் நெறியில் ஒரு வண்ணப் பெட்டி

அரசாங்கம், தொலைக்காட்சி, நீதிமன்றம் ஆகிய மூன்று கூத்துகளையும் ஒரே மேடையில் காணும் பாக்கியம் எல்லா மாநிலத்தாருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டாருக்கு வாய்த்தது. (நீதிமன்றத்தைக் கூத்து என்று சொல்ல அஞ்சுவோர், அந்த ஓர் இடத்தில் மட்டும் 'காட்சி' என்று திருத்தி வாசித்துக்கொள்க.)

2006 சட்டமன்றத் தேர்தலில், தொலைக்காட்சி இல்லாத வீடுகளுக்கெல்லாம் இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாகத் தி.மு.க. வாக்களித்தது. இல்லத்தரசிகளுக்கு, அதிலும் குறிப்பாகக் கிராமப்புறப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் கிட்டவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பொழுதுபோக்கு சரி. நம் நெடுந்தொடர்களிலிருந்து கிட்டும் பொது அறிவு என்னவென்று யோசித்தால், பாயசத்தில் நஞ்சு கலப்பவர் கதவைத் தாழிடுவதில்லை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கட்சி வென்றது. அவ்வாண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, 14 அங்குலப் பெட்டிகளின் விநியோகம் தொடங்கியது. ஒருவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2007இல் அதைத் தள்ளுபடி செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். இதற்கிடையே 2011 தேர்தல் வந்து, அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி என்று பட்டியலை நீட்டிவிட, மனுதாரர் அதன்மீதும் வழக்குத் தொடுக்கவேண்டியதாயிற்று. வேறெதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளின் வாக்குறுதிகளும் 2013 ஜூலை 5ஆம் நாள் ஒரே தீர்ப்பின் நிழலில் இளைப்பாறின.

அந்தத் தீர்ப்புதான் என் கட்டுரைக்குப் பொருள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, வாக்குக்காக வேட்பாளரோ அவருடைய முகவரோ பரிசு தருவதும், தருவதாகச் சொல்வதும் லஞ்சம். ஆனால் தேர்தல் அறிக்கை என்பது, கட்சி ஆட்சிக்கு வந்தால் அரசு செய்யப்போவதைச் சொல்வது. தனி வேட்பாளரின் வாக்குறுதி அன்று. ஆகவே அது முறைகேடு ஆகாது என்றது நீதிமன்றம். அதாவது, வேட்பாளர் தம் கைக்காசில் ஒரு வாக்காளருக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தந்தால் குற்றம். அவருடைய கட்சி கஜானாக் காசில் ஒரு கோடி வீடுகளுக்குத் தொலைக்காட்சி தருகிறேன் என்றால் கொள்கை. சட்டத்தை நேர்மையாக வாசித்தால் இந்த முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது என்பதே இதிலுள்ள வேடிக்கை. நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இலவசங்கள் வாக்காளரை ஈர்த்து, நியாயமான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்று அவர்களே அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டு, இதற்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்திடம் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். நேற்று ஆடம்பரமாக இருந்தது இன்று அவசியமாகிவிடுகிறது. ஆகவே தொலைக்காட்சி வழங்குவதும் அரசமைப்பின் வழிகாட்டும் நெறிகளோடு தொடர்புடையதே என்று. அரசமைப்பை எழுதிய பெரியோர் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆயினும் இவ்விடத்தில் நான் நீதிமன்றத்தின் கட்சி. அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒண்டி நின்று, அவ்வீட்டார் கதவைச் சாத்தும்வரை படம் பார்த்த பிள்ளைக்குத் தன் வீட்டிலேயே ஒரு பெட்டி வந்தது சிறிய விஷயமன்று. 'ஓசியில் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள்' என்று அந்த வீட்டைப் பழிப்பவர்களில் பலர், தம் வீட்டு எரிவாயு உருளைக்கு வந்த மானியத்தை இலவசம் என்று ஒருநாளும் அழைத்ததில்லை. என் ஆட்சேபம் வாங்கியவரிடம் இல்லை. அவருடைய வரிப்பணத்தை எடுத்து அவருக்கே கொடுத்துவிட்டு, கொடுத்த கை தம்முடையது என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதில்தான்.

நிற்க. பெட்டி இலவசம், அதில் படம் தெரியக் கேபிளுக்கு மாதச் சந்தா. கேபிள் யார் கையில் என்பதை அன்று அறியாதவர் இல்லை. ஆளும் குடும்பத்தில் பிணக்கு மூண்ட 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. 2008 டிசம்பரில் பிணக்குத் தீர, அதுவும் உறங்கப் போய்விட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு எழுந்து உட்கார்ந்தது. நெடுந்தொடர் எழுதுவோர் கதைக்கு ஏன் அலைகிறார்களோ!

2013 தீர்ப்பை மூன்று நீதிபதிகள் மறுபடி ஆராயவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அந்தப் படக்குழாய்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை எடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.