படகேறாத பதினொரு பேர்

"பெண் பிள்ளைகளுக்குச் சுற்றுலா எதற்கு?" இந்தக் கேள்வி எங்கள் வகுப்புக்குப் புதிதன்று. இந்த ஆண்டு சனவரி மாதம் பிச்சாவரத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்வதென முடிவானபோது, 42 பேர் உள்ள எங்கள் வகுப்பில் 11 பேரின் வீட்டில் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். "தண்ணீர் ஆபத்து", "ஊர்பேர் தெரியாதவர்கள் வந்துபோகும் இடம்", "கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்" என்பவை அவர்கள் சொன்ன மூன்று காரணங்கள். போய் வந்த நாங்கள் 31 பேரும் இவற்றைப் பற்றி எங்கள் மனத்தில் பட்டதைச் சொல்ல விரும்புகிறோம். அதிகப்பிரசங்கித்தனம் என்று ஒதுக்காமல் பெற்றோர் படிக்க வேண்டுகிறோம்.

முதலில் தண்ணீரைப் பற்றி. பிச்சாவரம் சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், கடலோரம் உள்ளது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த உப்பங்கழியில் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அடர்ந்து நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்த பிறகே துடுப்புப் படகில் ஏற்றினார்கள். வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கும் குறுகிய கால்வாய்க்குள் படகு நுழைந்ததும், வழக்கமாக வாய் மூடாத நாங்கள் அனைவரும் அமைதியானோம். "பாப்பா, வேரைப் பிடிக்காதீங்க, சிப்பி கையைக் கீறிடும்" என்றார் படகோட்டி அண்ணன்.

ஒரு திருப்பத்தில், மார்பளவுத் தண்ணீரில் ஓர் அம்மாள் இறால் தடவிக்கொண்டிருந்தார். ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவினார். அவர் இருளர் குலத்தவர் என்றும், சிறு பெண்ணாக இருந்த நாள் முதல் அதே தொழில்தான் என்றும் அண்ணன் சொன்னார். தண்ணீர் பெண்களுக்கு ஆகாது என்று நாம் சொல்கிறோம். அந்த அம்மாளிடம் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருமா? ஆபத்தே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகத்தைத் தணித்தது. கடலை நேரே பார்த்திருந்த குடியிருப்புகளோ பெரும் சேதம் அடைந்தன. தண்ணீரின் குணத்தை அறிந்தவருக்கே எச்சரிக்கை வரும். வீட்டில் அடைந்திருந்தால் அச்சம் மட்டுமே வரும்.

இரண்டாவது, ஊர்பேர் தெரியாதவர்கள். படகுத் துறையில் முதுகில் பெரிய பையைச் சுமந்தபடி இரண்டு இளம் பெண்கள் நின்றார்கள். ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்த செவிலியர். மற்றவர் பூனாவைச் சேர்ந்த ஆசிரியை. பயண வழியில் சந்தித்துச் சிநேகிதமானவர்களாம். அவர்களுடைய கசங்கிய உடையையும் சேறு படிந்த செருப்பையும் பார்த்து நாங்கள் எங்களுக்குள் சிரித்தோம். கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டு எங்கள் கடைசிப் படகில் வரலாமா என்று அவர்கள் கேட்டபோது சிஸ்டர் சம்மதித்தார்.

நடுவழியில் எங்களில் ஒருத்தி முறுக்குப் பொட்டலக் காகிதத்தைத் தண்ணீரில் நழுவவிட்டாள். நாங்கள் பேசாமல் இருந்தோம். ஜெர்மனி அக்கா படகைத் திருப்பச் சொல்லி, அதை எடுத்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுக்கு யாரிடம் இருந்தது என்று அப்போது எங்களுக்கு விளங்கியது.

மதியம் எங்கள் புளியோதரையைப் பகிர்ந்து உண்டார்கள். "தனியாக வரப் பயமில்லையா, அக்கா?" என்று கேட்டோம். "பயம் உண்டு. அதனால்தான் இருட்டிய பிறகு நாங்கள் வெளியே போவதில்லை. எந்த ஊரிலும் முதலில் பெண்களிடம்தான் வழி கேட்போம். தினமும் மாலையில் அம்மாவுக்குப் போன் செய்துவிடுவேன்" என்றார் பூனா அக்கா. அயலார் எல்லோரும் நல்லவர்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் நல்லவரையும் அல்லாதவரையும் பிரித்தறியும் பழக்கம், யாரையும் சந்திக்காமல் எப்படி வரும்?

மூன்றாவது காரணத்துக்கு விடை எங்கள் வீடுகளிலேயே கிடைத்தது. திரும்பி வந்ததும் நாங்கள் 31 பேரும் எங்கள் அம்மாக்களிடம், "கல்யாணத்துக்குப் பிறகு எங்கெல்லாம் போனீர்கள்?" என்று கேட்டோம். வேளாங்கண்ணிக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் தவிர வேறு ஊர் பார்த்தவர்கள் நான்கு பேர்தான். ஒருத்தியின் அம்மா மட்டும், "அந்த வேரைப் பக்கத்தில் பார்த்தாயா? தண்ணீர் உப்புக் கரித்ததா?" என்று இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு பேசாமல் விளக்கை அணைத்தாராம். "பிறகு" என்று தள்ளிவைத்த பயணம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்புள்ள பெற்றோரே! ஊர் ஊராகத் தனியே சுற்ற எங்களுக்கு அனுமதி கேட்கவில்லை. சிஸ்டர்களின் துணையோடு, விடிந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பும் ஒரு நாளைத்தான் கேட்கிறோம். அடுத்த ஆண்டு எங்களுக்குப் பின் வரும் தங்கைகள் அந்தக் கடிதத்தை நீட்டும்போது தயங்காமல் கையெழுத்திடுங்கள். துணை போதாது என்று தோன்றினால் அம்மாக்களையும் உடன் அனுப்புங்கள். படகில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி