கடற்கரையும் ஜனங்களின் ஆரோக்கியமும்

கடற்கரையில் உலாவுவது தேகத்திற்கும் மனத்திற்கும் நன்மை பயக்கும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அதனை ஓய்வுள்ள கனவான்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மில் அநேகர். இது பெரும் பிழை. கடற்கரை என்பது ஜனங்களின் பொது வைத்தியசாலை. அதனைச் சுத்தமாகவும், யாவரும் தடையின்றி வந்து செல்லும்படியாகவும் காப்பது சர்க்காரின் தலையாய கடமைகளுள் ஒன்று. இதுவே நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரம் கவனிக்கத்தக்கது. 1750-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற வைத்தியர், கடல்நீரைக் கொண்டு கழலை நோய்களைத் தீர்க்கலாமென்று லத்தீன் பாஷையில் ஒரு நூல் வெளியிட்டார். பிரைட்டன் என்னும் மீன்பிடி ஊர் பிரபுக்கள் கூடும் நகரமானதற்கு அவரது உபதேசம் பெரிதும் காரணமாயிற்று. 1791-ல் லெட்ஸம் என்ற வைத்தியரின் முயற்சியால், லண்டன் ஏழைகளுக்கென்றே மார்கேட் என்னும் ஊரில் ஒரு கடற்கரை ஆஸ்பத்திரி ஸ்தாபிக்கப்பட்டது. அக்காலத்தார் கூறிய காரணங்களிற் பல நிலைபெறவில்லை. கடல்நீரைப் பருகினால் நோய் தீருமென்பதும், கடற்காற்றில் ஓசோன் வாயு நிறைந்திருப்பதால் பலம் உண்டாகிறதென்பதும் தவறென்று பிற்காலத்தில் தெளிவாயின.

சொன்ன காரணம் பிழைபட்டதனால் பலனே இல்லை என்று முடிவு கட்டலாகாது. எக்ஸிடர் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்தின் 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைப் பரிசீலித்து 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கடலை நெருங்கி வசிப்போரில், தமது ஆரோக்கியம் நன்றாயிருக்கிறதென்று கூறுவோரின் விகிதம் சற்று அதிகம் என்றும், வறுமை மிகுந்த பகுதிகளிலேயே இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கிறது என்றும் அவர்கள் கண்டனர். 2019-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அந்நாட்டு நகரவாசிகள் சுமார் 26,000 பேரைப் பற்றியது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தினரிடம் மனோவியாதியின் அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன. கடலே இதற்குக் காரணம் என்று இவை முற்றும் ருசுப்படுத்தி விட்டதாக நாம் சொல்லவில்லை. நியாயஸ்தல பாஷையில் இவை சந்தர்ப்ப சாட்சியங்களே. ஆனால் தள்ளிவிடத் தக்கவை அல்ல. செல்வனுக்குத் தோட்டமுண்டு, மலைவாசமுண்டு. ஏழைக்கு விலையின்றிக் கிடைக்கும் விசாலமான வெளி கடற்கரை ஒன்றே.

இங்கே ஓர் ஆக்ஷேபணை எழக்கூடும். கடலருகே வசிப்பதே மருந்தாயின், கடற்கரைக் குப்பங்களில் நோயும் அகால மரணமும் ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2021-ல் இங்கிலாந்தின் பிரதம வைத்திய அதிகாரி கிறிஸ் விட்டி, அந்நாட்டுக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஆயுளும் ஆரோக்கியமும் குன்றியிருப்பதை ஓர் அறிக்கையில் எடுத்துக் காட்டினார். நிலையற்ற வேலை, பழுதான வீடு, போதாத வைத்திய வசதி ஆகியவற்றைக் கடற்காற்று ஈடு செய்யாது. கடல் நல்ல துணை. நல்ல ஆட்சிக்கு அது பிரதியாகாது.

நமது சென்னைக்கு வருவோம். கவர்னர் கிராண்ட் டப் காலத்தில், 1884-ல் மெரினாவின் உலாவுமிடம் அமைக்கப்பட்டது. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால், கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வருகிறது. அது வரத் தாமதித்தால் நகரம் தவிக்கும். 2003 மே 31-ந் தேதி இந்நகரில் உஷ்ணம் 45 டிகிரியை எட்டியது. புழுங்கும் ஒற்றை அறைகளில் வாழும் லக்ஷக்கணக்கானோருக்கு மாலைக் கடற்காற்று அலங்காரமன்று, ஜீவாதாரம். வாரத்தில் 150 நிமிஷமாவது உடல் உழைப்போடு நடமாட வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அதற்கு இம்மணல்வெளியினும் சிறந்த இடம் ஏது? மெரினாவில் நீரோட்டம் அபாயகரமாகையால், அங்கே கடலில் இறங்கிக் குளிப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. அத்தடை நியாயமானது, காற்றும் நடையும் காட்சியுமே அவ்விடத்து மருந்து.

ஆனால் இம்மருந்தை நாம் வைத்திருக்கும் விதம் என்ன? மெரினாவின் வடகோடியில் கூவமும், தெற்கே அடையாறும் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து கடலில் கலக்கின்றன. எண்ணூரின் கதியோ இதனினும் பரிதாபம். 2023 டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவி, படகுகளையும் வலைகளையும் வீடுகளையும் நாசம் செய்தது. அம்மாதம் 26-ந் தேதி இரவே, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் முதலிய இடங்களில் ஜனங்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே நகரம், ஒரே கடல்! தெற்கே உலாவுவோனுக்கு அமிர்தம். வடக்கே வலை வீசுவோனுக்கு விஷம். இதனைச் சமநீதி என்று எவர் கூறுவர்?

சட்டம் இல்லாமலில்லை. காற்று, நீர், கடல், கடற்கரை ஆகியவை யாவர்க்கும் பொது என்பது புராதன ரோமானிய சட்டக் கொள்கை. சர்க்கார் இவற்றின் சொந்தக்காரரல்ல, ஜனங்களுக்காக வைத்திருக்கும் தர்மகர்த்தாவே என்ற கோட்பாட்டை, கமல்நாத் வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டும் 1996 டிசம்பரில் ஏற்றுக் கொண்டது. 1991-ம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, கடல் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகளை விதித்தது. 2019 ஜனவரியில் வெளியான அறிவிப்போ, ஜன நெருக்கமுள்ள கிராமப் பகுதிகளில் கட்டடம் கூடாதென்றிருந்த 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்கி விட்டது. தர்மகர்த்தா தர்மசொத்தைச் சிறுகச் சிறுகக் கைவிடுவது எந்த நீதி?

நாம் கோருவன நான்கு. கூவமும் அடையாறும் கடலை அடையுமுன் சாக்கடை நீர் முழுவதும் சுத்திகரிக்கப்பட வேண்டும்; கடல்நீரின் நிலை மாதந்தோறும் தமிழில் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். குடிநீர், நிழல், கழிப்பிடம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 2024 அக்டோபர் 6-ந் தேதி விமான சாகசம் காண மெரினாவில் லக்ஷக்கணக்கானோர் கூடியபோது, வெய்யிலிலும் நெரிசலிலும் வாடி ஐவர் மாண்டதை மறக்கலாகாது. மூன்றாவதாக, நடக்க இயலாதாரும் அலையருகே செல்ல 2022-ல் அமைக்கப்பட்ட மரப்பாதையைப் போன்றவை, புயலைத் தாங்கும் உறுதியோடு ஒவ்வொரு கரையிலும் அமைய வேண்டும். நான்காவதாக, அழகுபடுத்துவதென்ற பெயரால் மீனவர்களைக் கரையினின்று அகற்றலாகாது. தலைமுறை தலைமுறையாகக் கரையைக் காத்து நின்றவர் அவரே.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பிரச்னைகளுக்கிடையே இது சிறிதென்று எண்ணாதீர்கள். உங்கள் வட்டத்துக் கார்ப்பொரேஷன் அங்கத்தினரிடம் இந்நான்கையும் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிடின் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். எண்ணூர்க் குழந்தையும் மெரினாக் குழந்தையும் ஒரே கடற்காற்றை அச்சமின்றிச் சுவாசிக்கும் நாளே, இந்நகரம் தன் கடற்கரையைப் பற்றிப் பெருமை பேசத் தகுதி பெறும் நாளாகும்.